குளிரிலும் மழையிலும் கூட்டெரு: லயத்துக்குப் பின்னால் செய்யக்கூடியது

கேள்வி சுருக்கமாக இது. மலையகத்தில் தலவாக்கலைப் பக்கம் ஒரு லயம், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள். பின்பக்கம் குழி வெட்டி, சமையல் கழிவையும் மரக்கறித் தோட்டத்துக் கழிவையும் மாட்டுச் சாணத்தையும் மாதக்கணக்காகப் போட்டும் மக்கவில்லை. கறுப்புச் சேறாகி நாறுகிறது, ஈ மொய்க்கிறது, மழை வந்தால் குழி நிரம்பி வழிகிறது. கறுப்புப் பீப்பாய் ஒன்று வாங்கினால் சரிவருமா? தேயிலைக் கவ்வாத்தில் வெட்டிய மிலாறை, அதாவது குச்சிகளை, போடலாமா? சீக்கிரம் மக்குவதற்கு டொலமைட் என்ற சுண்ணாம்பு வகையைத் தூவலாமா?

முதலில் நேரான பதில். குழியைக் கைவிடுங்கள். தரைக்கு மேலே, கூரைக்குக் கீழே, நான்கைந்து வீட்டார் சேர்ந்து ஒரே பெரிய குவியலாகப் போடுங்கள். பீப்பாய் ஒரு வீட்டுக்கு உதவும், ஆனால் அதில் சூடு ஏறாது. மிலாறு அடித்தளத்துக்கு மட்டும். டொலமைட் குவியலில் வேண்டவே வேண்டாம். இனி ஒவ்வொன்றுக்கும் காரணமும் செய்முறையும்.

கூட்டெருவை ஆக்குவது நுண்ணங்கிகள். அவற்றுக்குத் தேவை நான்கு: காபன் நிறைந்த காய்ந்த பொருள், நைதரசன் நிறைந்த பச்சைப் பொருள், ஈரம், காற்று. வறண்ட வலயத்தில் குழி நல்ல ஏற்பாடு, ஏனென்றால் அங்கே ஈரத்தைப் பிடித்துவைக்க வேண்டும். இங்கே நிலைமை நேரெதிர். ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை விட்டு விட்டுக் கொட்டும். பக்கவாட்டு மண்ணிலிருந்தும் நீர் ஊறிக் குழிக்குள் இறங்கும். நீர் நிரம்பிய இடத்தில் காற்று இருக்காது. காற்றில்லாத இடத்தில் வேலை செய்வது வேறு வகைப் பற்றீரியாக்கள். அவை மெதுவானவை, கூமுட்டை நாற்றத்தை உண்டாக்குபவை, சூட்டைத் தராதவை. உங்கள் குழியில் நடந்தது இதுதான். சாணம் போதாமல் போனதோ, ஏதோ மருந்து தெளிக்காமல் விட்டதோ காரணமல்ல.

குழிக்கு இன்னொரு தீங்கும் உண்டு. அதை நாற்றத்தைவிடப் பெரிதாக எடுக்க வேண்டும். லயத்துக்குப் பின்னால் உள்ள சரிவில் குழி வெட்டி நீரைத் தேங்கவிட்டால், அந்த நீர் சரிவு மண்ணுக்குள் இறங்கி அதைக் கனமாக்கும், பிடிப்பையும் தளர்த்தும். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களையே மண் மூடியதைப் பார்த்த மக்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. சரிவின் அடியை வெட்டுவதும், சரிவில் நீரைத் தேக்குவதும் எந்தக் காரணத்துக்காகவும் கூடாது.

இப்போது குழியில் கிடப்பதை வீசவேண்டாம். மழை விட்ட ஒரு நாளில் அள்ளி, தகரத்தின் மேலோ படங்கின் மேலோ மெல்லியதாகப் பரப்பி, ஒன்றிரண்டு நாள் நீர் வடியவிட்டு, அதன் இரண்டு பங்கு காய்ந்த புல்லோடு கலந்தால், புதிய குவியலின் பச்சைப் பங்காக அதுவே ஆகும். வெறும் குழியைக் கல்லும் மண்ணும் இட்டு இடித்து, மேற்பரப்பைச் சற்று மேடாக்கி மூடிவிடுங்கள்.

அடுத்தது குளிர். நுவரெலியாவின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 16 பாகை செல்சியஸ். சனவரி விடியற்காலைகளில் புல்மேல் உறைபனியே படியும். மக்கும் குவியல் தன் சூட்டைத் தானே உண்டாக்கினாலும் அதை மேற்பரப்பு வழியே இழந்துகொண்டே இருக்கும். சிறிய குவியலுக்கு உள்ளளவு குறைவு, அதோடு ஒப்பிட்டால் மேற்பரப்பு அதிகம். அதனால் உண்டாகும் சூடு நிற்பதில்லை. ஒரு கன மீற்றருக்குக் குறைந்த குவியல் மலையகத்தில் சூடேறுவது அபூர்வம். 1.2 மீற்றர் நீளம், 1.2 அகலம், 1.2 உயரம் என்று வைத்தால் 1.7 கன மீற்றர் வரும். அது பாதுகாப்பான அளவு. ஒரு வீட்டின் சமையல் கழிவு நாளுக்கு ஒரு கிலோ அளவில்தான் சேரும். அதை மட்டும் தினமும் கொட்டிக்கொண்டு இந்த அளவை எட்ட முடியாது. எட்டுவதற்குள் அடியில் போட்டது குளிர்ந்து போய்விடும். அயலார் சேர வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

இடம் தேடும்போது முதலில் பீலியைப் பாருங்கள். குடிதண்ணீர் எடுக்கிற பீலிக்கோ ஊற்றுக்கோ மேற்புறம் குவியல் இருக்கக் கூடாது. கீழ்ப்புறமாக இருந்தாலும் இருபது முப்பது அடியாவது விலகியிருக்கட்டும். லயச் சுவரோடு ஒட்டவும் வேண்டாம், எலி வரும். ஏற்கெனவே சமமாக உள்ள இடம்தான் நல்லது. இரண்டு அறை போட 2.5 மீற்றர் நீளமும் ஒன்றரை மீற்றர் அகலமும் போதும். மேற்பக்கத்தில் ஓரடி அகலம், ஓரடி ஆழத்தில் ஒரு கான் வெட்டி, அதை ஏற்கெனவே ஓடுகிற பெரிய கானில் சேர்த்துவிடுங்கள். மேலிருந்து வரும் மழைநீர் குவியலைத் தொடாமல் சுற்றிப் போய்விட வேண்டும். உங்கள் வீட்டுத் தோட்டத் துண்டுக்கு வெளியே என்றால் தோட்ட நிர்வாகத்திடம் முன்கூட்டியே சொல்லி அனுமதி எடுப்பது நல்லது. பாதி மக்கிய குவியலை இடம் மாற்றச் சொன்னால் அத்தனை உழைப்பும் வீண்.

அறை கட்டுவதற்குப் பெரிய செலவில்லை. ஆறு சவுக்கு (கிரெவிலியா) மரக் கம்பு அல்லது யூகலிப்டஸ் கம்பை ஒன்றரை அடி ஆழத்தில் நட்டு, மூங்கில் தப்பையையோ பழைய பலகையையோ இரண்டு விரல் இடைவெளி விட்டு அடியுங்கள். முன்பக்கப் பலகையை ஆணி அடிக்காமல் செருகி எடுக்கிற மாதிரி வையுங்கள். அப்படிச் செய்யாவிட்டால் ஒவ்வொரு முறை புரட்டும்போதும் முதுகுதான் பாடுபடும். மேலே பழைய தகரம், பின்பக்கம் சாய்வாக. கூரை, அறையின் விளிம்பைத் தாண்டி ஓரடியாவது நீண்டிருக்கட்டும், ஏனென்றால் மலையில் மழை நேராக விழுவதில்லை. நுவரெலியா, கந்தப்பளை போன்ற உயரத்தில் இருப்பவர்கள் வெறும் உரப்பைகளில் காய்ந்த புல்லைத் திணித்து, காற்றடிக்கிற பக்கத்தில் வெளியிலிருந்து சாய்த்துவைத்தால் உட்சூடு நன்றாக நிற்கும்.

இந்த வேலையில் எல்லாரும் அசட்டையாக விடுவது காய்ந்த பொருளைத்தான். பச்சைக் கழிவு தானாக வரும், சாணம் தானாக வரும். காய்ந்த புல் தானாக வராது. மழைக்காலத்தில் தேடினால் கிடைக்கவும் கிடைக்காது. ஆகவே காலண்டரைப் பார்த்து வேலை செய்ய வேண்டும். மேற்குச் சரிவில், அதாவது ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலை, வட்டவளைப் பக்கம், சனவரி முதல் மார்ச் வரை வெயில் கிடைக்கும். அப்போது வெட்டிக் காயவைத்து, கூரைக்குக் கீழே அடுக்கி, ஏப்ரலில் குவியலைக் கட்டுங்கள். ஊவாப் பக்கம், பதுளை, பண்டாரவளை, வெலிமடையில், வறட்சி சூன் முதல் செப்டெம்பர் நடுப்பகுதி வரை. அங்கே செப்டெம்பர் கடைசியில், வடகீழ்ப் பருவமழைக்கு முன் கட்டிவிட வேண்டும். மேலே சொன்ன ஓர் அறைக்குக் காய்ந்த நிலையில் நூற்றிருபது கிலோ அளவில் புல் வேண்டும். அது பெரிய குவியல். இப்போதே மனத்தில் வையுங்கள்.

எது நல்லது? மானாப்புல்லும் கோதமாலாப் புல்லும் முதல் தரம். இரண்டையும் வெட்டுக்கத்தியால் நான்கு விரல் நீளத்துக்கு நறுக்குங்கள். நறுக்காத மானா கூரை வேய்ந்ததுபோல் படிந்து, நீரையும் காற்றையும் உள்ளே விடாது. சவுக்கு இலை எங்கும் கொட்டிக் கிடக்கிறது, ஆனால் தடித்தது, மெதுவாக மக்கும். சாணக் கரைசலில் ஓரிரவு ஊறவைத்து, காய்ந்த பங்கில் கால்வாசிக்கு மேற்படாமல் சேர்க்கலாம். யூகலிப்டஸ் இலையிலும் பைன் ஊசியிலும் எண்ணெயும் பிசினும் இருப்பதால் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். மரத்தூள் கையில் கிடைத்தாலும் அளவோடு. அதன் காபன்-நைதரசன் விகிதம் பல நூறுக்கு ஒன்று. வாளி வாளியாகக் கொட்டினால் ஆறு மாதமானாலும் மரத்தூளாகவே கிடக்கும். களைக்கொல்லி அடித்த இடத்துப் புல்லை எடுக்காதீர்கள்.

மிலாறு பற்றிக் கேட்டிருந்தீர்கள். கவ்வாத்துக்குப் பின் இலையும் சின்னக் குச்சியும் மலையிலேயே கிடப்பதுதான் தேயிலைக்கும் மண்ணுக்கும் நல்லது. அது நிலத்தை மூடி மண் அரிப்பைத் தடுக்கும், பொட்டாசியத்தை மண்ணுக்கே திருப்பிக் கொடுக்கும். தடித்த மிலாறு விறகுக்கு வீடு வந்து சேர்கிறது அல்லவா, அதில் ஒரு கட்டை எடுத்துக் குறுக்கும் நெடுக்குமாக அரையடி உயரத்துக்கு அடியில் அடுக்குங்கள். அதன் வழியாகத்தான் குவியலுக்குக் கீழிருந்து காற்று ஏறும். குச்சி மக்காது. அடுத்த குவியலுக்கு அதையே மறுபடி பயன்படுத்தலாம்.

பச்சைப் பங்குக்கு முதலிடம் வீதியோரம் மஞ்சளாகப் பூத்து நிற்கும் காட்டுச் சூரியகாந்திக்கு. அதன் இலையில் நைதரசனும் பொட்டாசியமும் மிகுதி, வெட்ட வெட்டத் துளிர்க்கும், யாரும் விலை கேட்க மாட்டார்கள். பூப்பதற்கு முன் இளந்தண்டோடு வெட்டுங்கள். கிளிரிசீடியா, முள்முருக்கு இலைகளும் அப்படியே. கோவா, லீக்ஸ், கரட் இலைகள் தோட்டத்தில் மட்டுமல்ல, நுவரெலியா, கெப்பெட்டிப்பொல பொருளாதார மத்திய நிலையங்களிலும் சந்தைகளிலும் குவியல் குவியலாகக் கழிக்கப்படுகின்றன. லொறிக்காரரிடம் சொல்லிவைத்தால் மூட்டையாக வரும். ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு.

கோவா இலையில் பத்தில் ஒன்பது பங்கு நீர். சாணத்திலும் ஐந்தில் நான்கு பங்கு நீர். காபன்-நைதரசன் விகிதம் முப்பதுக்கு ஒன்று என்று புத்தகத்தில் படித்து, அதன்படி சரியாகவே கலந்தாலும், குவியலின் ஈரம் எழுபது எழுபத்தைந்து வீதத்தைத் தொட்டுவிடும். வேண்டியதோ ஐம்பது முதல் அறுபது வீதம். ஆக மலைநாட்டு மரக்கறிக் கழிவில் விகிதத்துக்கு முன் ஈரம்தான் இடிக்கும். அதற்கு வழி, பச்சை இலையை அன்றே போடாமல் கூரைக்குக் கீழே பரப்பி இரண்டு நாள் வாடவிடுவது. பாதி நீர் போய்விடும், நைதரசன் போகாது.

அளவைச் சொல்கிறேன். இருபது லீற்றர் பெயின்ட் வாளியை அளவாக வையுங்கள். காலால் மிதித்து அமுக்கிய காய்ந்த புல் நான்கு வாளி, வாடிய பச்சை இரண்டு வாளி, புதுச் சாணம் அரை வாளி. இது ஒரு தொகுதி. கோழி எரு இருந்தால் தொகுதிக்கு ஒரு சவல். மாட்டுப்பட்டியில் காய்ந்த மானாவை இரவில் விரித்து, மூத்திரம் ஊறியதும் காலையில் அள்ளினால் அதைவிடச் சிறந்த சரக்கு இல்லை. மாடு வெளியேற்றும் நைதரசனில் ஏறக்குறைய பாதி மூத்திரத்தில்தான் போகிறது. அது கானில் ஓடிக் கலப்பது பெரிய நட்டம். அப்படி விரிப்பு கிடைத்தால் அதை ஒரு வாளி போட்டு, சாணத்தைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். பதினைந்து தொகுதி அளவில் ஓர் அறை நிரம்பும்.

கட்டும் நாளை ஒன்றாக வையுங்கள். ஒரே நாளில், முடியாவிட்டால் இரண்டு நாளில், அறை நிரம்ப வேண்டும். மிலாறுக்கு மேல் ஓரடிக்குக் காய்ந்த புல், பிறகு தொகுதி தொகுதியாக. ஒவ்வொரு தொகுதியையும் தரையில் கலந்துவிட்டே உள்ளே கொட்டுங்கள். தட்டுத் தட்டாக அடுக்குவதைவிடக் கலந்து போடுவது சீக்கிரம் சூடேறும். இடையிடையே பழைய கூட்டெருவையோ காட்டுமரத்தடி மண்ணையோ கையளவு தூவலாம். கடையில் விற்கிற நுண்ணங்கிக் கரைசல் எதுவும் தேவையில்லை, சாணத்தில் வேண்டியது இருக்கிறது.

ஈரத்தைப் பார்க்கக் கைதான் கருவி. கலவையில் ஒரு பிடி எடுத்துப் பலமாகப் பிழியுங்கள். விரலிடுக்கில் ஒன்றிரண்டு துளி கசிந்து நின்று, கையை விரித்தால் உருண்டை உடையாமல் இருந்து, தட்டினால் உதிர வேண்டும். நீர் வழிந்து முழங்கையை நோக்கி ஓடினால் காய்ந்த புல் சேருங்கள். கையில் ஒட்டாமல் உதிர்ந்தால் சாணத்தை நீரில் கரைத்துத் தெளியுங்கள். இந்தப் பிடியைக் குவியலின் மூன்று இடங்களில் பார்க்க வேண்டும். மேலே சரியாக இருந்து நடுவில் சேறாக இருப்பது வழக்கம். நிரப்பி முடித்ததும் நான்கு விரல் தடிப்புக்கு வெறும் காய்ந்த புல்லைப் போர்த்திவிடுங்கள். ஈ, நாற்றம் இரண்டையும் அந்தப் போர்வைதான் தடுக்கிறது.

சூட்டைப் பார்க்க வெப்பமானி வேண்டியதில்லை. 10 மில்லிமீற்றர் இரும்புக் கம்பி ஒன்றை நடுவரை குத்திப் பத்து நிமிடம் விட்டு உருவிப் பிடித்துப் பாருங்கள். சற்று நேரம்கூடப் பிடிக்க முடியாத சூடு என்றால் 55 பாகையைத் தொட்டிருக்கும். வெதுவெதுப்பாக இருந்தால் 40 பாகை அளவு. கம்பி குளிராகவே வந்தால் குவியல் இன்னும் தூங்குகிறது. நன்றாகக் கட்டிய குவியல் நான்காம் ஐந்தாம் நாளில் சூடேறும். உயரமான இடத்தில் ஒரு வாரம் ஆகலாம். 55 பாகைக்கு மேல் மூன்று நாளாவது நின்றால்தான் களை விதையும் பெரும்பாலான நோய்க் கிருமிகளும் சாகும். கம்பி வெளியே வரும்போது அதில் ஒட்டியிருப்பதையும் மோந்து பாருங்கள். மண்வாசம் நல்லது, கான் நாற்றம் வந்தால் உள்ளே நீர் தேங்கியிருக்கிறது.

சூடு ஏறி உச்சிக்குப் போய் இறங்கத் தொடங்கும்போது, பொதுவாகப் பத்து பதினான்கு நாளில், முதல் புரட்டு. பக்கத்து வெற்று அறைக்குத் தோட்ட முள்ளால் (முட்கரண்டி வடிவக் கருவி) அள்ளிப் போடுங்கள். மண்வெட்டி இதற்கு உதவாது, அது நசுக்கும். மேலேயும் வெளிப்புறத்திலும் இருந்தது நடுவுக்கும், நடுவில் இருந்தது வெளிக்கும் போகவேண்டும், ஏனென்றால் குளிர்ந்த ஓரத்தில் களை விதை உயிரோடு இருக்கும். மழையில்லாத நண்பகலில் புரட்டுங்கள். மூடுபனி இறங்கிய மாலையில் திறந்தால் சேமித்த சூடெல்லாம் போய்விடும். புரட்டிய சில நாளில் மறுபடி சூடேற வேண்டும். இப்படி இரண்டு வாரத்துக்கொரு தடவை மூன்று நான்கு புரட்டு. அதன் பின்னும் சூடு ஏறவில்லை, ஈரமும் சரி என்றால் முதல் கட்டம் முடிந்தது. பிறகு ஒரு மாதம் புரட்டாமல் ஆறவிடுங்கள். மொத்தமாகத் தலவாக்கலை உயரத்தில் மூன்றரை நான்கு மாதம், பதுளை போன்ற தாழ்ந்த இடத்தில் மூன்று மாதத்துக்குள்.

தினசரிச் சமையல் கழிவுக்கு மூடியுள்ள ஒரு வாளி வீட்டுக்கு வீடு போதும். அடியில் கைப்பிடி காய்ந்த இலை, ஒவ்வொரு நாளும் மேலே இன்னொரு கைப்பிடி. மரக்கறித் தோல், தேத்தண்ணிச் சக்கை, முட்டைக்கோது, பழத்தோல் எல்லாம் சேரும். தேயிலைச் சக்கையில் நைதரசன் நன்றாக இருக்கிறது, வீணாக்காதீர்கள். முதல் மூன்று வாரம் வரை குவியலின் நடுவைக் கிளறி உள்ளே புதைக்கலாம். அதன் பின் அடுத்த குவியலுக்குச் சேர்த்துவையுங்கள். மிச்சச் சோறு, கறி, மீன் தலை, எண்ணெய் இவை வேண்டாம். நாய், எலி, காட்டுப்பன்றி மூன்றும் வரும். நாய் திரிகிற இடத்துக்குச் சிறுத்தையும் வரும். எலி மூத்திரம் எலிக்காய்ச்சலுக்கு வழி. கையில் காயம் இருந்தால் கையுறையும் பூட்ஸும் போட்டே புரட்டுங்கள்.

பிழை எங்கே என்று மூக்கும் கண்ணும் சொல்லிவிடும். கூமுட்டை வாடை என்றால் நீர் அதிகம், காற்றில்லை: அன்றே புரட்டிக் காய்ந்த புல் சேருங்கள், கூரை ஒழுகுகிறதா என்று பாருங்கள். கண்ணை எரிக்கிற அமோனியா வாடை என்றால் பச்சையோ கோழி எருவோ மிஞ்சிவிட்டது, அல்லது யாரோ சுண்ணாம்பு தூவியிருக்கிறார்கள். நடுவில் சாம்பல் பூத்ததுபோல் வெள்ளைத் தூள் படர்ந்து வறண்டு கிடந்தால் சூட்டில் நீர் வற்றிவிட்டது. புரட்டும்போது வாளிக் கணக்கில் தெளித்து ஏற்றுங்கள், மேலே ஊற்றினால் ஓரமாக வடிந்துபோகும். எல்லாம் சரியாக இருந்தும் சூடேறவில்லையென்றால் முதலில் அளவைப் பாருங்கள். பத்தில் ஏழு தடவை குவியல் சிறியது என்பதே காரணமாக இருக்கும்.

மலையக மரக்கறித் தோட்டங்களுக்கென்று ஓர் எச்சரிக்கை. கோவா, நோக்கோல், ராபு வகைகளில் வேர் கிழங்குபோல் வீங்கும் நோய் இங்கே பரவலாக இருக்கிறது. அதன் வித்து மண்ணில் பத்தாண்டுக்கு மேலும் உயிர் பிழைக்கும். வீட்டுக் குவியலின் சூடு எல்லா மூலையிலும் அதைக் கொல்லும் என்று நம்பிவிடக் கூடாது. வேர் வீங்கிய செடியின் வேரைக் குவியலில் போடாதீர்கள், இலையை மட்டும் போடலாம். உருளைக்கிழங்கு வேரில் ஊசிமுனை அளவு மஞ்சள் முத்துகள் ஒட்டியிருந்தால் அது வட்டப்புழுவின் கூடு. அந்த வேரும் அதோடு ஒட்டிய மண்ணும் வெளியே போக வேண்டும். வாடி விழுந்த கிழங்கு, தக்காளிச் செடியின் தண்டை அறுத்து, தெளிந்த நீர் நிறைந்த கண்ணாடிக் கிளாசில் நிறுத்திப் பாருங்கள். வெட்டு வாயிலிருந்து பால்போல் நூல் இறங்கினால் பற்றீரியா வாடல். அதுவும் கூடாது. இவற்றைத் தோட்டத்துக்கு வெளியே காயவைத்து எரிப்பதே பாதுகாப்பு. சந்தைக் கழிவு எடுக்கும்போதும் வேரோடு, மண்ணோடு வருவதை விலக்கி இலையை மட்டும் எடுங்கள்.

டொலமைட் மண்ணுக்கு நல்லது, குவியலுக்கு அல்ல. தேயிலை நிலம் புளிப்பு மண், காரகாடித் தன்மைச் சுட்டி (pH) 4.5 முதல் 5.5. மரக்கறிக்கு 6 முதல் 6.5 வேண்டும். ஆகவே டொலமைட் தேவைதான். ஆனால் சூடான குவியலில் சுண்ணாம்பு வகைகளைத் தூவினால் அமோனியா வாயுவாகி, நைதரசன் காற்றோடு போய்விடும். நடுகைக்கு மூன்று நான்கு வாரம் முன் டொலமைட்டைப் பாத்தியில் தனியாக இட்டு முள்ளுக்குத்திக் கலந்துவிடுங்கள். கூட்டெருவை நடும்போது இடுங்கள். அடுப்புச் சாம்பலும் அப்படியே: பொட்டாசியம் நிறைந்தது, ஆனால் நேரே பாத்திக்கு, சதுர மீற்றருக்கு ஒரு கைப்பிடி போதும். பொலித்தீன் போட்டு எரித்த அடுப்பின் சாம்பலைத் தோட்டத்தில் போடவே கூடாது.

கறுப்புப் பீப்பாய்க்கு வருவோம். இருநூறு லீற்றர் பீப்பாய் என்பது ஒரு கன மீற்றரில் ஐந்தில் ஒன்று. தாழ்நாட்டு வெயிலில் அது வேலை செய்கிறது. இங்கே மக்கும், ஆனால் குளிர்ந்த நிலையிலேயே, ஆறு மாதத்துக்கும் மேல் எடுத்து. களை விதை சாகாது. ஒரே வீடுதான், கூட்டு முயற்சிக்கு யாரும் வரவில்லை என்றால், நான் பீப்பாயைவிட மண்புழுவைத்தான் சொல்வேன். எருப்புழுவுக்குப் பிடித்த வெப்பநிலை 15 முதல் 25 பாகை, அது மலையகத்துக்கு இயல்பாகவே கிடைக்கிறது. மூன்றடி நீளம், இரண்டடி அகலம், ஓரடி ஆழமுள்ள மரப்பெட்டி, அடியில் வடிகால் துளை, நனைத்துப் பிழிந்த கடதாசித் துண்டும் பழைய சாணமும் அரையடி. அரைக் கிலோ புழுவுக்கு நாளுக்குக் கால் கிலோ கழிவு, அதற்கு மேல் போட்டால் புளித்துப் புழு வெளியேறும். வெங்காயம், தேசிக்காய், மிளகாய் குறைத்துப் போடுங்கள். புதுச் சாணம் சூடேறிப் புழுவைக் கொல்லும், இரண்டு மூன்று வாரம் ஆறியதே வேண்டும். எறும்பு ஏறாமல் இருக்கப் பெட்டியின் கால்களை நீர் நிறைந்த தகரப் பேணியில் நிறுத்துங்கள்.

முடிந்ததா என்று எப்படித் தெரியும்? நிறம் கருங்கபிலம், எது புல், எது இலை என்று பிரித்தறிய முடியாது, முதல் மழை மண்வாசம். ஒரு பிடியை நனைத்துப் பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டி மூன்று நாள் வைத்துத் திறங்கள். நாற்றமடித்தால் இன்னும் ஆகவில்லை. பிறகு அதில் பத்துப் பாசிப்பயறு ஊன்றுங்கள். குறைந்தது எட்டுப் பயறு நேராக முளைக்க வேண்டும். இந்தச் சோதனையைத் தவிர்த்துவிட்டுப் பாதி மக்கியதைப் பாத்தியில் இட்டால், நுண்ணங்கிகள் மீதி வேலையை முடிக்க மண்ணிலுள்ள நைதரசனையே எடுத்துக்கொள்ளும், பயிர் மஞ்சளிக்கும். 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரென நிறுத்தப்பட்டபோது ஊரெங்கும் அவசரக் குவியல்கள் எழுந்தன. கூட்டெரு அவசரத்துக்கு ஆகிற பொருளல்ல.

ஓர் அறையிலிருந்து ஏறத்தாழ 150 கிலோ கிடைக்கும். 50 கிலோ உரப்பையில் தளர நிரப்பினால் ஐந்து பை. ஹெக்டேயருக்குப் பத்துத் தொன் என்ற கணக்கில் சதுர மீற்றருக்கு ஒரு கிலோ, அதாவது ஒரு பேர்ச்சுக்கு 25 கிலோ. ஆறு பேர்ச் மரக்கறித் தோட்டத்துக்கு ஒரு குவியல் ஒரு போகத்துக்குச் சரியாகும். இறுகிய, கல்லோடிய மண்ணுக்கு முதல் வருடம் இரட்டிப்பாக இடலாம். ஆனால் இதிலுள்ள நைதரசன் மொத்தமே ஒரு கிலோ அளவில்தான், இரண்டு கிலோ யூரியாவில் உள்ளது அது. அதிலும் முதல் போகத்தில் பயிருக்குக் கிடைப்பது சிறு பங்கு. லீக்ஸ், கோவா, கிழங்கு போன்ற பசி மிகுந்த பயிருக்கு முதல் இரண்டு மூன்று போகத்தில் இரசாயனப் பசளையை ஒரேயடியாக நிறுத்தாமல் படிப்படியாகக் குறையுங்கள். மண் நீரைப் பிடிப்பது, மழையில் அடித்துப் போகாமல் நிற்பது, வேர் ஆழமாக இறங்குவது, இவைதான் கூட்டெரு முதலில் தருகிற பலன். சரிவு நிலத்துக்கு அதுவே பெரிது. பாத்தி முழுவதும் தூவாமல், நடும் சாலிலோ குழியிலோ இட்டால் குறைந்த எருவும் அதிகம் எட்டும்.

எடுத்த எருவை மழையில் விடாதீர்கள், பொட்டாசியமும் நைத்திரேற்றும் முதலில் கழுவிப் போகும். பையின் வாயைத் தளரக் கட்டி, பலகை மேல், கூரைக்குக் கீழே வையுங்கள். தொழிற்சாலைக் கழிவுத் தேயிலையும் நல்ல நைதரசன் சரக்குத்தான். ஆனால் அதை எடுத்துச் செல்வதும் விற்பதும் தேயிலைச் சபையின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. தோட்ட அலுவலகத்தின் வழியாக முறையாகக் கிடைத்தால் தொகுதிக்கு ஒரு சவல் சேருங்கள், கிடைக்காவிட்டால் காட்டுச் சூரியகாந்தியை இன்னும் ஒரு வாளி கூட்டிக்கொள்ளுங்கள்.